பாலுசாமி தோட்டத்து எரிமலை

கீதாவின் அழைப்பு வந்தபோது இல்மா சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் போர்வெல் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவை கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். நிலவியல் படித்துவிட்டு, நிலத்தடி நீர் பார்த்துச் சொல்வதைத் தொழிலாக வைத்திருந்தாள். பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் கீதாவின் கோழிப் பண்ணைக்குப் போன வருடம் இடம் குறித்துக் கொடுத்ததும் அவள்தான்.

“அம்மணி, எங்க தோட்டத்துல எரிமலை கெளம்பிருச்சுங்கறாங்க. பூமி வெடிச்சுப் பொகை வருது. கல்லு உருகிப் பாகு மாதிரி வழியுது. கோழியெல்லாம் இப்பவே லாரியில ஏத்திரலாம்னு எங்க மாமா நிக்கறாரு. நீங்க வந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னாத் தேவலைங்க.”

“எரிமலையா இருக்காதுங்க அக்கா. நான் உடனே வாரேன். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போக வேண்டாம்னு சொல்லி வெய்யுங்க.”

அதைச் சொல்லும்போது அவளுக்குத் தயக்கமே இல்லை. மேற்படிப்புக்காக ஜாவா தீவில் ஓர் எரிமலையின் அடிவாரத்தில் தங்கியிருந்தவள். அது வெடித்ததைக் கண்ணால் பார்த்தவள். பல்லடத்தில் எரிமலை வருவதற்கு வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கல் எதனால் உருகுகிறது என்பதுதான் காரை ஓட்டும்போது பிடிபடவில்லை.

தோட்டத்து வேலி ஓரமாக ஊரே திரண்டிருந்தது. சித்திரை வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், சீமைக் கருவேலம் புதருக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. தரையில் ஒரு பிளவு. அதற்குள் தணல் போல ஏதோ சிவந்து கிடக்க, அதன் விளிம்பில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளப்பாக, உருகிய மண் வழிந்து உறைந்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு வெள்ளாடு செத்துக் கிடந்தது.

“வெசக்காத்து அடிச்சு ஆடு போயிருச்சுங்க,” என்றார் கீதாவின் மாமனார் பாலுசாமி. தோட்டம் அவருடையது. “நேத்துச் சாயங்காலம் பேய்க்காத்து அடிச்சுது. மழை வரலை. காத்தாலே வந்து பாத்தா இப்பிடி.”

இல்மா மூச்சை இழுத்துப் பார்த்தாள். கந்தக நெடி இல்லை; மண் கருகும் வாசனைதான் இருந்தது. கூட்டத்தின் பேச்சுக்கு இடையில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. நிமிர்ந்தாள். புதருக்குள் பாதி மறைந்தபடி ஒரு சிமெண்ட் மின்கம்பம் நின்றது. அதன் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்து, உயரழுத்தக் கம்பி இரும்புச் சட்டத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது.

இதே மாதிரி கம்பத்தடியில் மின்சாரம் இறங்கி மண் உருகியது தமிழ்நாட்டில் வேறு இடங்களில் நடந்திருப்பதாக அவள் எப்போதோ படித்தது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. ஆடு காற்றால் சாகவில்லை.

அதே நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பழனியாத்தாள், தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு வேலியைத் தாண்டிப் புகையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அங்கேயே நில்லுங்க,” என்றாள் இல்மா. கத்தவில்லை, ஆனால் அந்தக் குரலுக்கு மொத்தக் கூட்டமும் அடங்கியது. “ரெண்டு காலையும் சேத்து வெய்யுங்க. தட்டு கெடக்கட்டும், கீழ போட்ருங்க. காலை எட்டி வெக்காதீங்க, ரெண்டு காலுக்கு நடுவுல கரண்ட்டு பாயும். பாதத்தைத் தூக்காம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்பல தேச்சுத் தேச்சுப் பின்னால வாங்க.”

“உள்ளங்கால் சுர்ருனு இழுக்குதுங்க,” என்றாள் பழனியாத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“தெரியுமுங்க. என்னையவே பாத்துட்டு வாங்க. அவசரம் வேண்டாம். வந்துட்டீங்க. இன்னுங் கொஞ்சந்தான்.”

அவள் வேலிக்கு இப்பால் வந்து சேர்ந்ததும் யாரோ தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். கம்பத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லி, இல்மா எல்லோரையும் கோழி ஷெட்டு வரைக்கும் பின்னுக்கு நகர்த்தினாள். எல்லோரும் மறுக்காமல் நகர்ந்தார்கள். பாலுசாமி மட்டும் கேட்டார்.

“கரண்ட்டுல கல்லு உருகுமாங்க அம்மணி?”

“உங்க பையன் ஃபவுண்டரியிலதானுங்களே இருக்காரு? அங்க இரும்பை எதுல உருக்கறாங்க?”

“கரண்ட்டு ஒலையிலதான்,” என்றார் பாலுசாமி. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெஜ எரிமலைன்னா இப்பிடித் திடுதிப்புனு வராதுங்க ஐயா. பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு இல்லீங்க, பல தட்டாப் பிரிஞ்சு கெடக்குது. ஒரு தட்டு இன்னொண்ணுக்கு அடியில சொருகிப் போற எடத்துல, நூறு கிலோமீட்டர் ஆழத்துல பாறை உருகும். உருகுனது லேசு, மேல ஏறி வரும். அதுக்குள்ள வாயு கரைஞ்சிருக்கும். மேல வர வர, சோடா பாட்டிலைத் தொறந்தாப்பல அது பொங்கும். அதுதான் வெடிக்கறது. அதுக்கு முன்னால பல நாளா நெலம் நடுங்கும், தரை உப்பும், ஊத்துத் தண்ணி சுடும். உங்க போர்த் தண்ணி சுடுதுங்களா?”

“சில்லுனுதான் இருக்குது.”

“நம்ம ஊரு அந்தத் தட்டு ஓரத்துல இல்லீங்க, நடுவுல இருக்குது. இப்ப பயப்பட வேண்டியது அந்தக் கம்பத்துக்கு மட்டுந்தான். லைனை நிறுத்தணும்.”

கீதா ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஷெட்டின் மின்விசிறிகளுக்கும் அந்த லைன்தான். ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள், விற்பனைக்குப் பிடிக்கிற எடைக்கு வந்தவை. இந்த வெயிலில் விசிறி நின்றால் மதியத்துக்குள் சுருண்டு விழும். சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, லைன்மேன் நஞ்சுண்டனுக்குப் போன் போட்டாள்.

“லைன் நின்னா உங்க ஃபேனும் நிக்குமேங்க அக்கா,” என்றான் அவன்.

“தெரியும். மனுசங்க நிக்கறாங்க. நிறுத்திருங்க.”

சற்று நேரத்தில் ஷெட்டுக்குள் விசிறிகளின் சத்தம் அடங்கியது. ரீங்காரமும் நின்றுபோனது. எல்லோரும் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிளவுக்குள் இருந்த சிவப்பு மெல்ல மங்கி, கறுத்து, சாம்பல் நிறமானது. புகை நூலாக மெலிந்தது. பாலுசாமி அதைக் கடைசி வரை பார்த்துவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினார்.

“எரிமலை பாக்க வந்தவங்க எல்லாரும் சும்மா நிக்காதீங்க,” என்றார். “ஆளுக்கொரு கொடத்தை எடுங்க.”

தொட்டியில் தண்ணீர் இருந்தது. அங்கிருந்து ஷெட்டு வரை வரிசையாக நின்று குடங்களைக் கை மாற்றினார்கள். கீதா ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாக்களை முழுக்கச் சுருட்டி ஏற்றினாள். சாக்குகளை நனைத்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். இளவட்டங்கள் ஏணி வைத்துக் கூரையில் தண்ணீர் ஊற்றினார்கள். இல்மா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு கோழிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். அவை ஒரே இடத்தில் அடையாமல் எழுந்து நகர வேண்டும் என்று கீதா சொல்லியிருந்தாள். தொட்டி காலியாகும் நேரத்தில் பழனியாத்தாளின் மகன் டிராக்டரில் டேங்கர் கொண்டுவந்தான்.

நஞ்சுண்டன் ஆட்களோடு வந்து கம்பத்தில் ஏறினான். “மண்ணு காஞ்சு கெடக்கறதால கரண்ட்டு கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறங்கியிருக்குது. அதுதான் லைன் தானா நிக்கலை,” என்றான். வெயில் தாழ்வதற்குள் புதுப் பீங்கான் பொருத்தி, கம்பியை ஏற்றிக் கட்டினார்கள். விசிறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. கீதா ஷெட்டு வாசலில் நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. செத்த கோழிகள் ஒரு கூடைக்குள் அடங்கின.

டீ வந்தது. பாலுசாமி இல்மாவின் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“எரிமலைச் சாம்பல் உழுந்த மண்ணு நல்லா வெளையும்னு செல்போன்ல ஒருத்தன் சொன்னான். நெசந்தானுங்களா?”

“நெசந்தானுங்க. ஆனா ஒடனே இல்லை. நான் ஜாவாவுல இருந்தப்ப சாம்பல் கொட்டி மத்தியானமே இருட்டாயிருச்சு. மழையில நனைஞ்சு கனத்து ஊட்டுக் கூரையெல்லாம் உக்காந்துபோச்சு. மாட்டுக்குப் புல்லு இல்லை. அப்பறம் ஆத்துல சேறு எறங்கிப் பாலத்தை அடிச்சுட்டுப் போயிருச்சு. நான் தங்கியிருந்த ஊட்டுக்காரம்மா எல்லாத்தையும் உட்டுப்போட்டு வெளியேறுனாங்க. கொஞ்ச வருசம் கழிச்சு அதே எடத்துல மொளகாய் போட்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தாங்க. செடி இடுப்பு ஒசரம்.”

பாலுசாமி டம்ளரை உருட்டிக்கொண்டே யோசித்தார். “அவ்வளவு பாடு பட்டு வர்ற வெளைச்சல் நம்மளுக்கு வேண்டாமுங்க. இருக்கற கோழியே போதும்.”

கீதா சிரித்துவிட்டாள். பழனியாத்தாள் எழுந்து வந்து இல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கறுப்புக் கல்லுல ஒரு துண்டு எடுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டாள் இல்மா.

“நல்லா எடுத்துக்கங்க,” என்றார் பாலுசாமி. “ஆறட்டும். நானே கடப்பாரையில பேத்துத் தர்றேன்.”