எட்டு முறை தூக்கிய உலக உருண்டை

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். பின்னால் ஐம்பது பேர் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டுவேன். ஆனால் வீட்டில் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசகர். இருபத்தாறு வருடம். "இன்னிக்கு யாரு வந்தா? எதுக்கு அழுதா?" என்று தினமும் கேட்பேன். "சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க" என்பாள். கிணற்றில் போட்ட கல்தான். கட்டின புருஷனிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எத்தனை நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன்.

போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பேரில் ஒரு உதவித்தொகை வைத்தேன். பள்ளி முடிக்கும் ஒரு பிள்ளையை வருடா வருடம் கல்லூரியில் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தை நானும் பள்ளிக் கிளார்க்கும் உட்கார்ந்து தயாரித்தோம். அதில் ஏழாவது கேள்வி நானே நுழைத்தது: 'ஆலோசகர் உங்களுக்கு எவ்வாறு உதவினார்? விரிவாக எழுதுக.' அவள் சொல்லாமல் போனதைப் பிள்ளைகளிடம் எழுதியாவது வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

பதினோரு விண்ணப்பம் வந்தது. பத்துப் பேர் தாய்க்கு நிகரானவர், தன்னலமற்றவர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். மூன்று பேர் அவளைக் கலங்கரை விளக்கம் ஆக்கியிருந்தார்கள், அதுவும் ஒரே எழுத்துப்பிழையோடு. என் மனைவி அதில் எங்கேயும் இல்லை.

பதினோராவது ஒரு பெண். மதிப்பெண்ணில் அவள்தான் முதல். ஏழாவது கேள்விக்கு மட்டும் ஒரே வரி: 'மேடம் கொடுத்த உலக உருண்டையை எட்டு முறை புவியியல் அறைக்குக் கொண்டுபோனேன்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரங்கல் கூட்டத்திலேயே ஒரு வாத்தியார், "மேடம் ரூமுக்குப் போன பசங்க வெறுங்கையோட வந்ததே இல்ல, எதையாவது சுமக்க வெச்சிடுவாங்க" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இப்போது இவளும் கிண்டலா? சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

மகள் காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள். புகுந்த வீடு சரிப்படாமல் ஆறு வருடத்துக்கு முன் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள்.

"ஏம்பா இத அடிச்சீங்க?"

"உங்கம்மா வேலை வாங்கினாளாம். எழுதியிருக்கா பாரு."

மகள் அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வந்த புதுசுல அம்மா தினம் ஒரு துணி மூட்டையக் குடுத்து இஸ்திரிக் கடைக்கு அனுப்புவாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? அழுதுட்டு இருக்கிற பொண்ண மூட்டை தூக்க விடறியேன்னு அவகிட்ட சண்டை போட்டேனே."

"கையில ஏதாவது இருந்தா தெருவுல யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்கப்பா. மூட்டையத்தான் பாப்பாங்க. அதுக்குத்தான் குடுத்தாங்க."

காபி ஆறிப் போனது. அழுத பிள்ளைகளை இருபத்தாறு வருடமும் என் மனைவி எப்படி வெளியே அனுப்பினாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாவி, நான் கோடு இழுத்துவிட்டேன்.

மறுநாள் தேர்வுக் கூட்டம். என் மனைவி இருந்த அறையிலேயே வைத்திருந்தார்கள். அலமாரி மேல் அந்த உருண்டை இருந்தது. தலைமை ஆசிரியர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"ஏழாவதுக்கு ஒழுங்கா பதில் இல்ல. நீங்களே கோடும் போட்டிருக்கீங்க. பொண்ணக் கூப்பிட்டுக் கேட்போம். சொன்னா சரி, இல்லேன்னா அடுத்த ஆள்."

கிளார்க் என் காதருகே குனிந்தார். "இது கிடைக்கலேன்னா அவ துணிக்கடை வேலைக்குப் போயிடுவா சார். படிப்பு அவ்வளவுதான்."

பெண் வந்து நின்றாள். மேசையைச் சுற்றி ஐந்து பேர்.

"எட்டு தடவை வந்திருக்கியே, அப்படி என்னம்மா பிரச்சனை? கூச்சப்படாம சொல்லு" என்றார் தலைமை ஆசிரியர். நல்ல மனுஷர்தான், நல்லபடியாகத்தான் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள். மோவாய் நடுங்கியது. உண்மையைச் சொல்கிறேன், நானும் முன்னால் சாய்ந்தேன். இருபத்தாறு வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது, இதோ, அவள் வாய்வரை வந்து நிற்கிறது. கல்லூரிக்காக அவள் சொல்லிவிடுவாள். வேறு வழியில்லை அவளுக்கு.

எழுந்து போய் உருண்டையை இறக்கினேன். அவள் கையில் கொடுத்தேன்.

"இதைப் புவியியல் ரூம்ல வெச்சிட்டு வாம்மா. மெதுவா வா, ஒண்ணும் அவசரம் இல்ல."

அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். உருண்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"என்ன சார் இது? பதில் சொல்ல வந்த பொண்ண அனுப்பிட்டீங்க?"

"அவ பதில் எழுதிட்டா சார். எனக்குத்தான் படிக்கத் தெரியல." ஏழாவது கேள்வியின் மேலேயே சிவப்புக் கோடு போட்டேன். "இந்தக் கேள்வி இனி எந்த வருஷமும் வேண்டாம். பொண்ணோட பதில் மேல போட்ட கோடு என் தப்பு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

தலைமை ஆசிரியர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மார்க்குல அவதானே முதல்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தால் அவள் உருண்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"ரூம் பூட்டியிருக்கு சார்."

"உனக்குக் கிடைச்சிடுச்சும்மா" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை, கிழவன் அப்படியே நின்றேன். இடைவேளை மணி அடித்து வகுப்புகளெல்லாம் திறந்தன.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உருண்டையை என் கையில் வைத்தாள்.

"கேட் வரைக்கும் நீங்க கொண்டுபோங்க சார். அப்புறம் நான் வந்து வாங்கிக்கறேன்."

நடந்தேன். வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ஒரு வாண்டு கையை நீட்டி உருண்டையைச் சுற்றிவிட்டு ஓடினான். எல்லாரும் அதையே பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.