பார்க்காமல் ஊட்டுவது

இப்போதெல்லாம் செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் செத்தவரைப் பார்ப்பதில்லை. போனை நீட்டி அதற்குள் பார்க்கிறார்கள். மார்கிரட்டின் சவப்பெட்டியருகே விடிந்ததிலிருந்து ஆறு பேர் அப்படி நின்றுவிட்டுப் போனார்கள். ஏழாவதாக நின்றவன் சொந்த மகன் ஷெல்டன். ரபாயேல் எட்டி அவன் முழங்கையைத் தட்டினார்.

"அத உள்ள போடு. ஒங்கம்மா என்ன கல்யாணப் பொண்ணா?"

"டுபாய்ல சித்தி பாக்கணுங்கிறாங்கப்பா."

"பாக்கணும்னு இருந்தவ போன வருஷம் லீவுல வந்தப்ப இந்தப் படி ஏறியிருக்கலாம்."

பத்து மணிக்குப் பாடசாலை ஆட்கள் வந்தார்கள். மார்கிரட் வேலை செய்த விசேட கல்விப் பிரிவின் ஆசிரியர் இந்திரகுமார் பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்கி வந்து பெட்டியின் கால்மாட்டில் சாய்த்தார். அதன் ரிப்பனில் இருந்ததை ரபாயேல் எழுத்துக் கூட்டி வாசித்தார். சேவைச் செம்மல். பதினொரு வருடம் எல்கடுவயிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் இறங்கிப்போய், ஊரார் பிள்ளைகளின் வாய் துடைத்து, கக்கூசுக்குத் தூக்கி, சப்பாத்து மாட்டிவிட்டவள். நியமனக் கடிதம் என்று ஒரு துண்டுக் காகிதம் அவளுக்கு வரவில்லை. செத்த பிறகு பட்டம் கொடுப்பதில் யாருக்கும் கைநட்டம் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு த்ரீவீல் வந்தது. மாத்தளை டவுனிலிருந்து ஜஸ்லா, ஒன்பது வயது மகள் அம்றாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அம்றாவுக்குப் பிறந்ததிலிருந்து கை கால் விறைப்பு, தலை நிற்காது, பேச்சும் இல்லை. ஜஸ்லா பிள்ளைக்கு மார்கிரட்டின் முகத்தைக் காட்டினாள். மற்றவர்களைப்போல் அவள் திரும்பிப் போகவில்லை. ரபாயேலின் நாற்காலி அருகே வந்து நின்றாள்.

வீட்டில் தான் ஊட்டினால் பிள்ளை இருமித் துப்பிவிடும், பாடசாலையில் மார்கிரட் கொடுக்கும் பகல் சாப்பாட்டில்தான் அதற்கு வயிறு நிறையும் என்றாள். மார்கிரட் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் பால்தான் கொஞ்சம் இறங்கியது. இப்போது இரண்டு நாளாக அதுவும் இல்லை.

"திங்கக்கிழம கிளினிக்குக்கு வரச் சொல்லி இரிக்கிறாங்க. அதுக்குள்ள சாப்பிடல்லண்டா மூக்கால டியூப் போடுவாங்களாம். அவங்க எப்பிடிக் குடுத்தாங்கண்டு இந்த சேர்ட்ட கேட்டேன் ஐயா. தெரியாதாம்."

ரபாயேல் இந்திரகுமாரைப் பார்த்தார். "நாலு வருஷமா இந்தப் புள்ளைக்கு ஒங்க கண்ணு முன்னாலதானே குடுத்தா?"

"அலுமாரிக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிடுவாங்கய்யா. வர்றப்ப டப்பா காலியா இருக்கும். எனக்கு மத்தப் புள்ளைங்க பதினாலு பேரு." அவர் குரலை இறக்கினார். "ஒரு தடவ எட்டிப் பாத்தேன். கரண்டியப் புடிச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தாங்க. புள்ளையத் திரும்பியே பாக்கல. களைப்போ என்னமோன்னு விட்டுட்டேன்."

ரபாயேலின் கை தன் வாயோரத்துக்குப் போனது.

போன வருடம் அவருக்கு வாதம் அடித்து வாயும் காலும் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டன. நாலு மாதம் மார்கிரட்தான் ஊட்டினாள். சின்ன முக்காலியில் பக்கவாட்டாக உட்காருவாள். கரண்டியைக் கீழ் உதட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். பகலெல்லாம் கண்ட பிள்ளைகளின் எச்சிலைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்குப் புருஷனின் எச்சில் அருவருப்பாகிவிட்டது என்று அவர் நம்பினார். ஒருநாள் நல்ல கையால் தட்டை வீசி எறிந்தார். அவள் சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, வேறு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சோறு கொண்டாந்திருக்கியா புள்ள?"

ஜஸ்லாவின் பையில் பருப்பும் சோறும் குழையப் பிசைந்து ஒரு டப்பாவில் இருந்தது. அவர் எழுந்து குசினிக்கு நடந்தார். பக்கத்து லயத்துச் சுந்தரம்மா வாசலில் மறித்தாள். பெட்டி வீட்டுக்குள் இருக்கும்போது யாரும் வாயில் வைக்கக் கூடாது, அடுப்புக்கூட மூட்டவில்லையே என்றாள்.

"இந்தப் புள்ள பட்டினி கெடந்தா செத்தவளுக்கு என்ன கெடைக்கப் போவுது? தள்ளு."

குசினியில் ஜஸ்லா பிள்ளையை மடியில் வைத்து, வழக்கம்போல் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள்.

"மல்லாத்தாத. அப்படிச் சாச்சா தொண்டையில எறங்காது, மூச்சுக்குள்ள போவும். எனக்குத் தெரியும்." ஒரு துவாயைச் சுருட்டி அம்றாவின் பிடரிக்குக் கொடுத்தார். தாடை சற்றுத் தாழ்ந்தது. முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கவாட்டாக உட்கார்ந்தார். அரைக் கரண்டி எடுத்துக் கீழ் உதட்டில் வைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "நீயும் பாக்காத."

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முன்பக்கம் பாட்டுத் தொடங்கியது. ஷெல்டன் ஓடி வந்தான்.

"அப்பா, பாதர் வந்துட்டாங்க. பெட்டிய மூடப் போறாங்க. கடசியா மொகம் பாக்க வாங்க."

அப்போதுதான் கரண்டியின் நுனியில் லேசான அசைவு ஒன்று தட்டுப்பட்டது. உதடு தேடியது. எழுந்தால் போய்விடும்.

"மூடச் சொல்லு."

"அப்பா..."

"மூடச் சொன்னேன்ல."

ஷெல்டன் நின்று பார்த்துவிட்டுப் போனான். மூடி பொருந்தும் சத்தமும் பெண்களின் ஓலமும் ஒன்றாக எழுந்தன. அம்றா திடுக்கிட்டு உடம்பு வெட்டியிழுக்க உதட்டை மூடிக்கொண்டாள். ரபாயேல் கரண்டியை எடுக்கவில்லை. சுவரில் புகைக்கறை கூரைவரை ஏறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணி முறுக்கும் சத்தமும் நின்றது. பிறகு கரண்டியின் பாரம் குறைந்தது.

விழுங்கும் சத்தம் கேட்டபிறகே கரண்டியை நேராக வெளியே எடுத்தார். ஏழெட்டுக் கரண்டி அப்படி இறங்கிற்று. பிறகு ஜஸ்லாவின் கையில் கொடுத்தார். அவள் வைத்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"பாக்காதங்கிறேன்."

"என்ட புள்ளயப் பாக்காம எப்பிடி ஐயா?"

"அதுக்கு வாயத் தொறக்கிறதே பெரிய வேல. ஆளு பாத்துக்கிட்டே இருந்தா வெக்கமா இருக்கும்." அவர் நிறுத்தினார். "எனக்கு இருந்திச்சு."

ஜஸ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் நின்ற இந்திரகுமார் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க இப்படியே குடுக்கிறோம்யா. புதுசா வர்ற உதவியாளருக்கும் சொல்லிக் குடுத்துடுவோம்."

"யாரு வர்றா?"

"கேட்டு எழுதியிருக்கோம்."

"அவளும்தான் எழுதிக் கேட்டா, நியமனக் கடுதாசிய."

இந்திரகுமார் கட்டாயம் பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் மறுபடி சொன்னார். ரபாயேல் அவரைத் தாண்டி வெளியே வந்தார்.

பெட்டி தேயிலைக்கு நடுவே வளைவைத் திரும்பிவிட்டது. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. பத்தடி நடந்திருப்பார். குசினிக்குள் கரண்டி டப்பாவில் மோதியது. முந்தின வாய் இறங்க இந்த நேரம் போதாது. அதற்குள் அள்ளக் கூடாது.

நின்றார். அடுத்த சத்தத்துக்குக் காது கொடுத்தார். அது வரவில்லை. விழுங்கும் வரை ஜஸ்லா காத்திருக்கிறாளா, பிள்ளை வாயை மூடிக்கொண்டதா என்று இங்கிருந்து தெரியாது. திரும்பிப் பார்க்காமல், இழுக்கும் காலை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.