தொட்டியை மறைத்த மழை

புதன், வெள்ளி மாலைகளில் எனக்கு ஓவிய வகுப்பு. என் படங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பக்கத்து மேசை இளம்பரிதியின் படத்தைப் பற்றி எழுதுகிறேன். அவன் மீனவர் ஊரான வைத்திக்குப்பத்துக்காரன். நாங்கள் எல்லோரும் கரையில் நின்று கடலை வரைந்தோம். அவன் மட்டும் கடலிலிருந்து பார்ப்பதுபோல் கரையை வரைந்திருந்தான்: தாழ்வாக ஊர், நடுவில் தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் பாதி மறைந்த உயரமான தண்ணீர்த் தொட்டி. வகுப்பின் கண்காட்சிக்கு ஆசிரியர் முதலில் எடுத்துவைத்ததும் அதைத்தான்.

“தொட்டிய கொஞ்சம் தள்ளி வைக்கலாமே? ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றேன். சொன்னதும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

“அங்கருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.”

எங்கிருந்து என்று கேட்பதற்குள், அவனை அழைத்துப்போக வந்த அண்ணன் ராஜவேல் படத்தின் முன் நின்றுவிட்டார். குடும்பத்தின் படகை ஓட்டுகிறவர் அவர்.

“டேய் பரிதி, என்னாடா பண்ணி வச்சிருக்க? நம்ம எடத்தப் போட்டுக் குடுத்துட்டியேடா!”

எனக்குப் புரியவில்லை. இளம்பரிதிதான் தணிந்த குரலில் விளக்கினான். கடலில் நின்று பார்த்தால் கோபுரத்துக்குப் பின்னால் தொட்டி பாதி மறைந்து தெரிகிற இடத்தில், தண்ணீருக்கடியில் பாறை இருக்கிறது. அங்கே மீன் தங்கும். அவர்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. சிறுவயதில் படகிலிருந்து பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டான். (எந்தக் கோபுரம் என்று நானும் எழுதப்போவதில்லை.)

“யாருண்ணா இதெல்லாம் கவனிக்கப் போறாங்க?”

“பக்கத்துக் குருசுக்குப்பத்தானுங்க வருவானுங்கடா. ஆளாளுக்கு ஃபோன்ல எடுப்பானுங்க. தொட்டிய அந்தாண்ட நகத்து.”

“நகத்தினா அது நம்ம ஊரே இல்லண்ணா.”

“அப்ப மாட்டாத. அப்புறம் நாம என்னாத்தப் புடிக்கிறது, உன் பெயின்டையா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் அவன் தொட்டியை நகர்த்திப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். அழித்தான். மறுபடி போட்டான், அழித்தான். கடைசியில் சாம்பல் நிறத்தைக் கரைத்து, கோபுரத்துக்குப் பின்னால் மழையை இறக்கினான். தொட்டி காணாமல் போனது.

அன்று அவனை அழைத்துப்போக வந்த ராஜவேல் படத்தை வெகுநேரம் பார்த்தார். “ஐப்பசி மழையாட்டம் இருக்கு. இப்படி இருட்டினா எவன்டா படகை எறக்குவான்? குப்பத்துல சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்ணா.”

சிரிக்கத்தான் செய்தார்கள். கண்காட்சியில் வைத்திக்குப்பத்து ஆட்கள் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். “இந்த மழையில எங்கடா போய் உக்காந்து வரைஞ்ச? கடலுக்கே போனதில்லியா நீ?” என்றார் ஒருவர். போனதில்லை என்பதுபோல் இளம்பரிதி தலையாட்டினான். அவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசியது ராஜவேல். “அவனுக்கு என்னாண்ணா தெரியும்? கரையில குந்திக்கினு வரையறவன்.”

அதற்கும் இளம்பரிதி தலையாட்டினான்.