பென்சில் பேசிய ஐந்து வரி

வீட்டு வரைபடம் வரைவதுதான் அவருக்குப் பிழைப்பு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டபின், இடது கையால் தினமும் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவியும் அதையேதான் எல்லோரிடமும் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்.

இந்த வயதில் உட்கார்ந்து அ, ஆ எழுத அவருக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாவெறுப்பாகப் பென்சிலைப் பிடித்தவர், அந்தப் பென்சிலே பேசுவதாக ஒரு பாட்டு எழுதினார். காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தாளை வாங்கி உரக்கப் படித்தாள்.

“மரத்துக்குள் பிறந்தேன், இருட்டில் இருந்தேன்.
சீவச் சீவ வாய் திறந்தேன்.
கைதவறிக் கீழே எழுந்தேன்...”

நிறுத்தினாள். “கீழே எப்படிங்க எழுந்திருக்க முடியும்?”

“விழுந்தேன்” என்றார் அவர்.

“இதுவா வி? எ மாதிரியில்ல இருக்கு.”

“வி-தான். கண்ணாடிய மாட்டிட்டுப் பாரு.”

கண்ணாடி மாட்டியும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் மசியவில்லை. நோய் வந்தபிறகு இருவரும் சண்டை போட்டது அன்றுதான். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. சிரித்துக்கொண்டே மீதியைப் படித்தாள்.

“உள்ளே உடைந்ததை யார் அறிவார்?
வெளியே முழுசாய்த்தான் கிடந்தேன்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. தாளோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உள்ள என்னங்க உடைஞ்சிருக்கு?”

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ண மூடினா வீடு முன்னமாதிரி வரமாட்டேங்குது. சுவர் வருது. கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியல. இதப் போய் யார்கிட்ட சொல்றது?”

சரியாயிடும் என்று வாய்வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். எழுந்து போய் அறைக்கதவைத் திறந்து பிடித்தாள். “இத வரைங்க.”

சுவருக்கு ஒரு கோடு இழுத்தார். கதவு சுழலும் வளைவை இடது பக்கம் போட்டார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. அழித்துவிட்டு, மறுபடி மூடித் திறக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் நலம் விசாரிக்க வந்தார். அறைக்குள் கால் வைக்கப்போனவரின் முகத்துக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது.

“மாப்பிள்ளைக்கு என்மேல என்ன கோவம்?” என்றார் வெளியிலிருந்து.

“கோவமில்லண்ணே, கொஞ்சம் பொறு.” கதவைத் திறந்து அண்ணனை உள்ளே விட்டவள், அவரும் ‘ஆள் பழையபடி ஆகிட்டாரு’ என்ற பல்லவியைத் தொடங்குமுன் சொன்னாள். “இவருக்கு இன்னும் சரியாகல. என்ன ஆச்சுன்னு இவரே சொல்வாரு, உட்காரு.”

அண்ணன் ஒன்றும் புரியாமல் முக்காலியில் உட்கார்ந்தார். கணவர் தாளிலிருந்து தலை தூக்காமல், “சொல்றேன் மச்சான், இந்தக் கதவு முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்து மறுபடியும் மூடச்சொல்லிக் கண் காட்டினார்.