நடுவுல எறங்காத

திண்டிவனத்தில் மாறி ஏறிய செஞ்சி பஸ் தீவனூரைத் தாண்டும்போது வளர்மதியின் போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

விடியற்காலையில்தான் நைனாவைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். டொராண்டோவில் அக்கா மஞ்சுவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நைனா முருகையனுக்கு இதுதான் முதல் விமானம். தனியாகப் போகிறார்.

"முருகையனுடைய மகளா?" விமான நிறுவனத்திலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "விமானம் தோகாவில் இறங்கிவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். இவர் மட்டும் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறார். டொராண்டோ விமானத்தின் கதவை மூடப் போகிறார்கள். எழுந்திருக்காவிட்டால் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும்."

"போனை அவரிடம் கொடுங்கள்" என்றாள் வளர்மதி.

நேற்று சாப்பிடும்போது நைனா கேட்டார், "எத்தினி மணி நேரம்மா ஆவும்?" இயற்பியல் படித்தவள் போனில் தேடினாள். பதிமூவாயிரம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம். டிக்கெட்டில் நடுவே ஒரு நிறுத்தம் போட்டிருந்தது. டீ குடிக்க இறங்கி, மோட்டலில் ஒருமுறை பஸ்ஸைத் தவறவிட்டவர் அவர். அதனால் படித்துப் படித்துச் சொன்னாள்: "நடுவுல நிக்கும் நைனா. யார் இன்னா சொன்னாலும் எறங்காத. பதினாறு மணி நேரம் ஆவட்டும்."

விமானம் மாற வேண்டும் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் பாட்டு அலறியது. "பாட்ட நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினாள்.

"டிக்கெட் கேக்கறப்ப சத்தமே வரல, இப்ப பார்றா" என்ற கண்டக்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"வளரு?" நைனாவின் குரல். "ஆளாளுக்கு எறங்குன்றாங்கம்மா. நான் அசையல. அஞ்சு மணி நேரம்கூட ஆவலயே."

"எறங்கு நைனா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"நீ தப்பா சொல்ல மாட்ட. யாருனா மிரட்டி சொல்ல சொல்றாங்களா?"

அவருக்குப் பின்னால் ஆண்குரல்கள், கடுமையாக. 'விடுங்கய்யா' என்று நைனா சொல்வது கேட்டது.

"நைனா, அது மோட்டல் இல்ல. திண்டிவனம். திண்டிவனத்துல எறங்கி வேற வண்டி மாறுவோமே, அது."

பெல்ட் கழலும் சத்தம்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வண்டி எங்க நிக்குது?"

"அந்தம்மா பின்னாலயே ஓடு!"

போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. திரும்ப அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள்.

"செஞ்சி வந்துருச்சு, எறங்கு பாப்பா" என்றார் கண்டக்டர். அவள் முன்கம்பியை இறுகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் அதிர்ந்தது. அந்தப் பெண்ணின் செய்தி: 'ஏறிவிட்டார். கதவை மூடப் போகிறார்கள். இனி எத்தனை மணி நேரம் என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார், பக்கத்து இருக்கைத் தமிழர் மூலம்.'

மணிக்கணக்கைத் தட்டப் போன விரல் நின்றது. 'பக்கத்தில் இருப்பவர்கள் இறங்கும்போது இறங்கச் சொல்லுங்கள்' என்று எழுதி அனுப்பினாள். பிறகுதான் கம்பியை விட்டாள்.