காலை எடுத்தால் பாடும் பெடல்

சத்தத்தைக் கூட்டுகிற பெடலைப் பொன்மணி அமுக்கினால் கீபோர்டின் சத்தம் செத்துப்போகிறது. பின்னால் சாய்த்துவிட்டுக் காலை எடுத்தால் வீடே அதிர எழும்புகிறது. இதென்ன கூத்து! எட்டு மாதமாக இப்படித்தான். புருசன் சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனி விபத்தில் போன பதினாறாம் நாள், அவன் முன்பே பணம் கட்டி வைத்து, அவன் பேருக்குப் பார்சலில் வந்த கீபோர்டு அது. பெடல் மட்டும் அவனுடைய பழையது.

நாரணாபுரத்தில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். பிடித்தால்தான் என்ன? தான் காலை எடுத்ததும் செத்த புருசன் கால் வைக்கிறார் என்று நம்பினாள். பயமாகவும் இருந்தது, அந்தப் பயம் வேண்டியும் இருந்தது. பட்டாசு வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கியதும் கீபோர்டு முன்னால்தான் உட்காருவாள்.

நாளை காளியம்மன் பொங்கல். புருசனிடமே வாசிக்கப் படித்தவள் என்பதால், வருசாவருசம் அவன் வாசித்த இடத்தில் அவளை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தலைகீழ்ப் பெடலோடு மேடை ஏறினால் அவன் பேரும் சேர்ந்து சந்தி சிரிக்கும். வேறு வழியில்லாமல் மைக் செட் கடை வைத்திருக்கும் கொழுந்தன் பாலகுருவைக் கூப்பிட்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "பேயுமில்ல பிசாசுமில்ல மதினி. பெடல் ஒரு கம்பெனி, கீபோர்டு ஒரு கம்பெனி. சொருகுற ஜாக்குக்குள்ள ரெண்டு வயரு எடம் மாறிக் கெடக்கும். மாத்தி வச்சா சரியாப் போயிரும்."

ஜாக்கைத் திறந்தவன் முழித்தான். "யாரோ முன்னயே மாத்தியிருக்காகளே!"

வயர்களைச் சேர்த்து ஒரு கறுப்பு நூல் இறுகக் கட்டியிருந்தது. அவன் ஈயம் வைக்கிற சூட்டுக்கம்பியை நீட்டினான்.

"ஏலே, கம்பியை எடு! அது திரி!" என்று கத்தினாள் பொன்மணி.

மைக் செட்காரனுக்கு அது நூல். பதினோரு வருசமாகத் திரி வெட்டிக் கட்டுகிறவளுக்கு அது மருந்து தோய்ந்த திரி. முடிச்சும் சங்கிலிமுத்துவைப் போல இடதுகைக்காரன் போட்டது. அட பாவி மனுசா! புதுக் கீபோர்டு வரும் முன்பே, எவன் பேச்சையோ கேட்டு வயரை மாற்றி, சட்டைப் பையில் கிடந்ததைக் கொண்டு கட்டி வைத்திருக்கிறான். சும்மா விட்டிருந்தாலே பொருந்தியிருக்கும்.

"வேண்டாம்னா இப்படியே விட்டுருவோம் மதினி," என்றான் பாலகுரு.

சங்கிலிமுத்துவின் கை கடைசியாகச் செய்த வேலை. ஆனாலும் நகத்தால் கிள்ளிக் கிள்ளி, முடிச்சைப் பொன்மணியே அவிழ்த்தாள். பாலகுரு வயரை மாற்றி ஈயம் வைத்துக் கொடுத்தான்.

கீபோர்டில் ஒரு கட்டையில் விரலை வைத்துப் பெடலை அமுக்கினாள். சத்தம் ஒழுங்காக எழும்பியது. பின்னால் சாய்த்துக் காலை எடுத்தாள். ஒன்றுமே இல்லை. கட்டையை விடாமல் காத்திருந்தாள்.

"ஒருக்கா அமுக்குங்களேன்," என்றாள் ஆளில்லாத பெடலைப் பார்த்து. "ஒரே ஒருக்கா."

பாலகுரு முகத்தைத் திருப்பிக்கொண்டான். விரல் வலிக்கும் மட்டும் இருந்துவிட்டு, பெடல் மேல் அவளே காலை வைத்தாள்.