பன்னிரண்டு தொப்பி நத்தைகளும் ஒரு வெந்நீர்க் குழாயும்

கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பாறைக்கரையில் அக்காவும் தம்பியும் ஒரு பக்கெட்டை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கடலுயிர் ஆய்வாளர். தம்பி, வெந்நீரைப் பீய்ச்சிப் பாறை கழுவும் குழுவுக்கு மேஸ்திரி.

"பன்னெண்டையும் பேத்து எடுத்துட்டியா?"

"ஓட்டு மேல சிவப்புச் சிவப்பா கறைக்கா. எடுத்து, நல்லாத் துடைச்சு வச்சிருக்கேன். பாரு, எப்படி மின்னுது!"

"கறை இல்லடா கடங்காரா! நான் வச்ச நகப்பூச்சுப் புள்ளி!"

விஷயம் இதுதான். இந்தப் பாறைகளில், தொப்பியைக் கவிழ்த்தது மாதிரி ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஏறியதும் ஊர்ந்துபோய்ப் பாசி மேயும். வற்றுவதற்குள், கிளம்பிய அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடியே அதன் ஓட்டு விளிம்பு வளர்ந்திருக்கும். மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தால்தான் உள்ளே ஈரம் தங்கும். இடம் மாறினால் வெயிலில் காய்ந்து சாகும்.

எண்ணெயில் இவை கூட்டமாகச் செத்துப்போயின. மேய ஆளில்லாமல் பாறையெங்கும் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. அலுவலக ஆணையிலோ, "பாறை சுத்தமாக இருக்க வேண்டும்" என்று ஒரே வரி. பதினோரு மணிக்கு அதிகாரி வந்து தலையாட்டினால் வெந்நீர் பாயும். பாசியோடு சேர்ந்து நத்தையும் வெந்துபோகும். பக்கத்துப் பாறையை அப்படித்தான் கழுவினார்கள். ஒரு ஈ எறும்பு மிஞ்சவில்லை. இந்தப் பாறைக்குத் தானாகவே உயிர் திரும்புகிறது என்பதற்கு அக்காவிடம் இருந்த சாட்சி, இந்தப் பன்னிரண்டு பேர்தான்.

"எது எந்த இடம்னு புள்ளியை வச்சுத்தான்டா தெரியும். மணி பத்தரை!"

தம்பி முகம் செத்துப்போனது. பாறையில் குப்புறப் படுத்தான். ஒரு நத்தையை எடுத்து, நத்தை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றில் வைத்துப் பார்த்தான்.

"ஆடுது. இது இல்ல."

"திருப்பி வை. செருப்புல இடது வலது இருக்குல்ல, அந்த மாதிரி."

"ஆங், உக்காந்துடுச்சு! அடுத்தது குடு. அந்தக் குண்டனைக் குடுக்கா."

பதினோராவதை வைத்தபோது, மூக்குக்கு நேரே எதையோ பார்த்துத் தம்பி நின்றுவிட்டான். தழும்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பாசியே இல்லை.

"இங்க யாருக்கா கழுவினது?"

"அதுதான். நாக்குல அரம் மாதிரி வரிசை வரிசையாப் பல்லு இருக்கு. சுரண்டிச் சுரண்டியே திங்கும்."

"நாக்காலயா! ஓரம்கூட விடல. என் ஆளுங்க ஓரத்தைப் பாக்கவே மாட்டானுங்க."

பன்னிரண்டாவது 'டப்' என்று ஒட்டிக்கொண்ட நேரத்தில் அதிகாரி வந்து சேர்ந்தார். குப்புறக் கிடந்த மேஸ்திரியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்னப்பா, கழுவிடலாமா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்தான். சட்டையெல்லாம் பச்சை.

"சார், யார் கழுவணும்னு ஆணையில போட்டிருக்கா?"

அதிகாரி காகிதத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்த்தார். "இல்லையே."

"அப்போ இவங்களே கழுவட்டும் சார்," என்று நத்தைகளைக் காட்டினான். "ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டாங்க. குனிஞ்சு பாருங்க."

அதிகாரி குனிந்தார். ஒரு நத்தையை விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

"முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"அஞ்சு வருஷம். பத்துகூட ஆகலாம்," என்றாள் அக்கா, பயந்துகொண்டே.

"பரவாயில்ல, உண்மையான தேதி சொல்றாங்க," என்ற அதிகாரி, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "பணி நடைபெற்று வருகிறது. இடையூறு செய்யக் கூடாது."